உங்களுக்குத் தெரியுமா? காகிதத்தை ஓடவிட்டவர்கள்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில், தோசை வரும்வரை நாளிதழைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். எழுதியவரைப் பாராட்டுகிறோம், அச்சுப்பிழை இருந்தால் அச்சகத்தைத் திட்டுகிறோம். விரலுக்கடியில் இருக்கும் தாளை உருவாக்கும் இயந்திரத்தை யார் செய்தார் என்று கேட்பதே இல்லை. இந்த வாரத் துணுக்குகள் அந்த இயந்திரக்காரர்களுக்கு.

◆

முதலில் ஒரு சொல் உறவு. மலாய்க்காரர் ‘கெர்த்தாஸ்’ என்கிறார். நம் பாட்டிமார் ‘கடுதாசி’ என்றார்கள். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பேரப்பிள்ளைகள். கெர்த்தாஸ், அரபு மொழியின் ‘கிர்தாஸ்’ வழியாக மலாய்க்கு வந்தது. கடுதாசி, போர்ச்சுக்கீசியரோடு கப்பலேறித் தமிழுக்கு வந்தது. இரண்டையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் ‘கார்ட்டெஸ்’ என்ற பழைய கிரேக்கச் சொல்லில் போய் முடியும். ‘காகிதம்’ மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. அது பாரசீகத்தின் ‘காகஸ்’.

◆

1799 வரை உலகில் ஒவ்வொரு தாளும் கையால் செய்யப்பட்டது. தொட்டியில் கந்தல்துணிக் கூழ் இருக்கும். ஒருவர் சல்லடைச் சட்டத்தை அதில் முக்கி எடுப்பார். இன்னொருவர் ஈரத்தாளைக் கம்பளித் துணியில் கவிழ்ப்பார். மூன்றாமவர் பிரித்து அடுக்குவார். ஒரு முக்குக்கு ஒரு தாள்தான்.

பாரிசுக்கு அருகில் எசோன் ஆலையில் கணக்குவழக்கும் ஆட்களின் சச்சரவும் பார்த்துக்கொண்டிருந்த நிக்கோலா லூயி ரொபேர் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சட்டத்தை ஏன் முக்கி முக்கி எடுக்க வேண்டும்? சல்லடையையே முடிவில்லாத வளையமாக்கிச் சுழலவிட்டால் தாளும் முடிவில்லாமல் வருமே! 1799 ஜனவரியில் காப்புரிமை பெற்றார். கையால் சுழற்றும் சின்ன இயந்திரம் அது. ஆனால் அதுவரை உலகம் காணாத ஒன்றைச் செய்தது: நீளத் தாள்.

உரிமையை ஆலை முதலாளி டிடோ வாங்கிக்கொண்டார். ரொபேர் கடைசிக் காலத்தில் ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்து, வறுமையில் 1828-இல் இறந்தார்.

◆

அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது? தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ரப்பர் ஸ்டோரை நினைத்துக்கொண்டால் போதும்.

வெட்டி வந்த பாலைத் தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைப்பார்கள். உறைந்த கட்டியை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குவார்கள். தண்ணீர் பீறிட்டு ஓடும், கட்டி மெலிந்து நீளும். பிறகு புகையறையில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். காகித இயந்திரத்திலும் இதே மூன்று கட்டங்கள்தான். வலைமேல் வடிதல், உருளையில் பிழிதல், சூட்டில் உலர்தல்.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. வலைமேல் கொட்டும் கூழில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர், ஒரு பங்குதான் நார். பார்த்தால் கலங்கின கழுநீர் என்றுதான் சொல்வீர்கள். வலையைத் தாண்டும்போது ஐந்தில் ஒரு பங்கு நாராகிறது. கம்பளித் துணியோடு சேர்த்து உருளைகளில் பிழிந்த பிறகு, பாதிக்குச் சற்றுக் குறைவு. மிச்சத் தண்ணீரை நீராவி நிரம்பிய இரும்பு உருளைகள் ஆவியாக்குகின்றன. ஆக, காகித இயந்திரம் என்பது உண்மையில் தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரம். இதைப் புரிந்துகொண்டால் இரண்டு நூற்றாண்டுகளாகப் பொறியாளர்கள் எதோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

இன்னொன்று: தொடக்கக்கால இயந்திரங்களில் அந்தச் சூட்டு உருளைகள் கிடையாது. ஈரத்தாளை வெட்டி, மாடியில் துணிபோலக் கொடியில் காயவைத்தார்கள். உலர்த்தும் உருளைக்கு இங்கிலாந்தின் டி.பி. கிராம்ப்டன் காப்புரிமை பெற்றது 1820-இல்.

◆

இன்றும் உலகம் முழுவதும் அந்த வகை இயந்திரத்துக்குப் பெயர் ‘ஃபோர்டிரினியர்’. ஹென்றி, சீலி ஃபோர்டிரினியர் என்ற இரண்டு அண்ணன் தம்பிகள். லண்டனில் எழுதுபொருள் வியாபாரிகள். ரொபேரின் யோசனையில் பணம் போட்டவர்கள். போட்டது ஏறக்குறைய 60,000 பவுன். 1810-இல் திவாலானார்கள்.

ஆனால் இயந்திரத்தைச் செய்தவர் அவர்கள் இல்லை. பிரான்சிலிருந்து வந்த யோசனையை எடுத்துப் பிரித்து, குறைகளைக் களைந்து, ஆலையில் நிற்காமல் ஓடும்படி ஆக்கியவர் பிரையன் டான்கின். வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் 1768-இல் பிறந்தவர். காகிதம் முக்கும் அச்சுச்சட்டங்கள் செய்துகொண்டிருந்தவர். அதனால் காகிதக்காரரின் கைப்பக்குவமும் தெரியும், இரும்பும் தெரியும். லண்டனின் பெர்மண்ட்சி பகுதியில் பட்டறை போட்டார். 1803-இல் ஃபிராக்மோர் ஆலையில் அவருடைய முதல் இயந்திரம் ஓடியது. அடுத்த ஆண்டு பக்கத்திலேயே டூ வாட்டர்ஸ் ஆலையில் இரண்டாவது.

பணம் போட்டவர் பெயர் இயந்திரத்துக்கு நிலைத்தது. செய்தவர் பெயர் பொறியியல் வரலாற்றுப் புத்தகங்களில் மட்டும் இருக்கிறது. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஆயுள் முழுக்க இரும்போடு உழைத்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர். இந்தக் கதை நமக்கு உறைக்கும்.

◆

அதே ஹென்றி ஃபோர்டிரினியரைப் பற்றி இன்னும் ஒன்று. 1814-இல் இங்கிலாந்து வந்த ரஷ்யச் சக்கரவர்த்தி அலெக்சாண்டர், இரண்டு இயந்திரங்களை எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு 700 பவுன் வீதம் பத்தாண்டு தருவதாக ஒப்புக்கொண்டார். பணம் வரவில்லை. ஹென்றி எழுபது வயதைத் தாண்டியபின், மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை போய் அடுத்த சக்கரவர்த்தி நிக்கோலசிடம் மனுக் கொடுத்தார். அப்போதும் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கடைசியில் 7,000 பவுன் கொடுத்தது, 1840-இல். போட்ட முதலில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

◆

1851-இல் லண்டனில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது டான்கின் நிறுவனத்தின் கணக்கு இது: அதுவரை செய்த காகித இயந்திரங்கள் 191. பிரிட்டனுக்கு 83, ஜெர்மனிக்கு 46, பிரான்சுக்கு 23, வட ஐரோப்பாவுக்கு 22, இத்தாலிக்கும் தென் ஐரோப்பாவுக்கும் 14, அமெரிக்காவுக்கு 2.

இந்தியாவுக்கு 1.

அரை நூற்றாண்டில் அத்தனை பெரிய நாட்டுக்கு ஒரே ஒரு இயந்திரம்! அந்த ஒற்றை எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

◆

இப்போது கோலாலம்பூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். இந்தக் காகித இயந்திரக்காரருக்கும் நம் ஊருக்கும் ஒரு முடிச்சு உண்டு.

தகர டின்னில் உணவை அடைத்துக் காக்கும் முறைக்கு 1810-இல் பீட்டர் டியூரண்ட் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். அதை வாங்கித் தொழிலாக்கியவர்கள் டான்கினும் அவர் கூட்டாளிகளும். டான்கின், ஹால் அண்ட் கேம்பிள் என்பது நிறுவனத்தின் பெயர். 1813 வாக்கில் பெர்மண்ட்சியிலிருந்து பிரிட்டிஷ் படைகளுக்கு டின் இறைச்சி போகத் தொடங்கிவிட்டது. அப்போது டின் திறப்பான் என்று ஒன்று கிடையாது. உளியையும் சுத்தியலையும் கொண்டுதான் திறந்தார்கள்.

இரும்புத் தகடு துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் பூசுவது எது? ஈயம், நம் சுரங்கத்து வெள்ளீயம். டின் உணவு பெருகப் பெருக, ஈயம் பூசிய தகட்டுக்குக் கிராக்கி ஏறியது. 1857-இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, 87 சீனத் தொழிலாளர்களைப் படகேற்றிக் கிள்ளான் ஆற்றில் மேலே அனுப்பினார். கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில், இன்று மஸ்ஜித் ஜாமெக் நிற்கும் இடத்தில், இறங்கி அம்பாங் வரை காட்டில் நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் மலேரியாவில் 69 பேர் மாண்டார்கள். மிஞ்சிய 18 பேரும் பின்னால் வந்தவர்களும் தோண்டிய ஈயத்தில் எழுந்ததுதான் கோலாலம்பூர். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் உலகின் ஈயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து போனது.

முடிச்சு இன்னும் அவிழவில்லை. ஈயப் பணத்தில் வளர்ந்த ஊர் 1881-இல் தீப்பிடித்தது. அத்தாப்பும் மரமும் வேண்டாம், இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்று அரசு முடிவெடுத்தது. செங்கல் சூளைகள் போட்ட இடத்துக்குப் பெயர் பிரிக்பீல்ட்ஸ். மளிகைக் கடையில் சார்டின் டின் வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

◆

டான்கினிடம் தொழில் பழகிய ஹென்றி ராபின்சன் பால்மர் என்ற இளைஞர்தான் 1829-இல் நெளிநெளியான இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றவர். தோட்டத்து லயத்துக் கூரையில் மழை கொட்டும்போது எழுந்த சத்தத்துக்கும் அந்தப் பட்டறைக்கும் இப்படி ஒரு தொடர்பு.

◆

1859-இல் டான்கின் நிறுவனம் ஒரு கணக்கு இயந்திரமும் செய்து கொடுத்தது. சுவீடனின் ஷொய்ட்ஸ் என்ற தந்தையும் மகனும் வடிவமைத்தது. பிரிட்டனின் பதிவுத்துறை அதை வைத்து மனித ஆயுள் அட்டவணை தயாரித்தது. உலோகப் பற்சக்கரங்கள் போட்ட கணக்கு. ஆயுள் காப்பீட்டுக்காரர்களின் தொழில் நிற்பது இத்தகைய அட்டவணைகளின் மேல்தான்.

1902-இல் நிறுவனம் பெர்மண்ட்சியை விட்டு செஸ்டர்ஃபீல்டுக்குப் போனது. அங்கே எரிவாயுக் கருவிகள் அதன் தொழிலாயின.

◆

தமிழுக்கும் காகிதத் தொழிலுக்கும் உள்ள உறவு டான்கினின் முதல் இயந்திரத்துக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு மூத்தது. தரங்கம்பாடியில் மதபோதகர் சீகன்பால்கு தமிழ் அச்சுக்கூடம் நடத்தியபோது காகிதத்துக்குத் தட்டுப்பாடு. ஐரோப்பாவிலிருந்து கப்பல் வந்தால்தான் அச்சு ஓடும். அதனால் பக்கத்துப் பொறையாற்றில் 1715 வாக்கில் ஒரு காகிதப் பட்டறை எழுந்தது. கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அந்த ஊரில் நின்றுவிட்டது.

வங்காளத்தின் சேரம்பூரில் மதபோதகர் கேரியின் சபைக்காரர்கள் நடத்திய காகித ஆலையின் கதை துயரமானது. கூழ் அடிக்கும் பொறியை, நாற்பது பேர் முறைவைத்து மிதித்துச் சுழற்றினார்கள். அந்த மிதிசக்கரத்தில் ஒரு தொழிலாளி உயிர்விட்டார். அதன் பிறகுதான் இங்கிலாந்தின் போல்டன் நகரிலிருந்து 12 குதிரைச்சக்தி நீராவி எந்திரத்தை வரவழைத்து, 1820 மார்ச்சில் மூட்டினார்கள். ஊரே திரண்டு வந்து அந்த நெருப்பு எந்திரத்தைப் பார்த்தது. இறந்த மனிதரின் பெயர் என்னவாக இருந்திருக்கும்!

◆

பழைய ‘தமிழ் நேசன்’ வெட்டுத்துண்டு வீட்டில் யாராவது வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன நாளிதழ் அது. தாள் மஞ்சளாகி, மடித்த இடத்தில் ஒடியும். அதே அலமாரியில் அதைவிட நூறு ஆண்டு பழைய புத்தகம் ஒன்று வெள்ளையாகவே இருக்கலாம்.

காரணம், ஃபிரீட்ரிக் கோட்லோப் கெல்லர் என்ற ஜெர்மன் நெசவாளர். கந்தல்துணி போதாமல் காகித ஆலைகள் தவித்த காலத்தில், 1840-களில், மரத்தை ஈரமான சாணைக்கல்லில் தேய்த்துக் கூழாக்க முடியும் என்று கண்டுபிடித்தார். காகிதம் மலிவானது. ஆனால் மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருளும் கூழோடு வந்துவிட்டது. வெயிலும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும். துணிக்கூழ்த் தாளில் அது இல்லை.

கெல்லரிடம் காப்புரிமையைத் தொழிலாக்கப் பணம் இல்லை. 1846-இலேயே ஃபோல்டர் என்ற காகித ஆலைக்காரருக்கு விற்றுவிட்டார். ஹைடன்ஹைம் நகரில் ஃபோல்டரின் ஆலைக்கு வேண்டிய பொறிகளைச் செய்து கொடுத்தவர், பூட்டுத் தொழிலாளியான யோஹான் மத்தேயுஸ் வோய்த். மரம் தேய்க்கும் பொறியைச் சீராக்கி, கரடுமுரடான துணுக்குகளை மறுபடி அரைத்து மென்மையாக்கும் கருவியையும் 1859-இல் உருவாக்கினார். மகன் ஃபிரீட்ரிக் 1867-இல் பட்டறையைப் பொறுப்பேற்றார். 1881-இல் அவர்களுடைய முதல் முழுக் காகித இயந்திரம் வெளியே வந்தது. பூட்டுப் பட்டறையாகத் தொடங்கிய வோய்த் இன்றும் உலகின் மிகப் பெரிய காகித இயந்திர நிறுவனங்களில் ஒன்று. நீர்மின் விசையாழிகளும் செய்கிறது. நயாகராவில் 1903 வாக்கிலேயே அதன் விசையாழிகள் சுழன்றன.

◆

1997 நினைவிருக்கிறதா? டாலருக்கு இரண்டரையாக இருந்த ரிங்கிட் நான்கைத் தாண்டி விழுந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் 3.80 என்று கட்டிப்போட்டார்கள். எத்தனை வீடுகளில் பிள்ளைகளின் வெளிநாட்டுப் படிப்பு பாதியில் நின்றது!

அதே புயல் அமெரிக்காவில் ஒரு காகித இயந்திர நிறுவனத்தையும் சாய்த்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் பெலாய்ட் நகரில் 1858-இல் மெரில், ஹூஸ்டன் என்ற இருவர் இரும்புப் பட்டறையாகத் தொடங்கியது. பின்னாளில் ஊர்ப் பெயரையே நிறுவனப் பெயராக்கிக்கொண்டது. மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், இந்தோனேசியாவின் ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் குழுமத்துக்காகப் பல கோடி டாலர் மதிப்பில் பெரிய இயந்திரங்களைச் செய்யும் ஒப்பந்தம் அதனிடம் இருந்தது. ருப்பியா சரிந்தது. ஒப்பந்தம் தகராறில் சிக்கியது. தாய் நிறுவனமான ஹார்னிஷ்ஃபெகர் 1999 ஜூனில் திவால் பாதுகாப்புக் கோரியது. பெலாய்ட் துண்டு துண்டாக விற்கப்பட்டது. அதன் ஒரு பகுதியை ஃபின்லாந்தின் மெட்சோ வாங்கியது. அந்தக் காகித இயந்திரத் தொழில்தான் 2013 இறுதியில் பிரிந்து, வால்மெட் என்ற தன் பழைய பெயரோடு இன்று நடக்கிறது. போர்க்காலத்தில் ஆயுதம் செய்த தொழிற்சாலை, போர் முடிந்ததும் காகித இயந்திரத்துக்கு மாறியது வால்மெட்டின் தொடக்கம். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

◆

பெலாய்ட் மறைந்தாலும் அதன் கைவேலை தமிழ்நாட்டில் இருக்கிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் முதல் இயந்திரம் பெலாய்ட் வால்ம்ஸ்லி செய்தது. ஓடத் தொடங்கியது 1984-இல். பின்னர் வந்த இயந்திரம் வோய்த்தினுடையது.

ஆனால் அங்கே என்னை அதிகம் கவர்வது மூலப்பொருள். பசார் மாலாமில் கரும்புச் சாறு குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஒரு குவியல் கிடக்குமே, அந்தச் சக்கைதான்! சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தம் கொதிகலனில் எரித்துவந்தன. காகித நிறுவனம் அவர்களுக்கு மாற்று எரிபொருளும் கொதிகலன் வசதியும் கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொண்டது. எரிய வேண்டியது எழுதும் தாளானது. நம் கெப்போங் வன ஆய்வுக் கழகத்திலும் செம்பனைக் குலையின் வெறும் நாரிலிருந்து காகிதக்கூழ் எடுக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. செம்பனைக்கு இங்கே பஞ்சமே இல்லை.

◆

வேகம்: இன்றைய பெரிய இயந்திரங்களில் தாள் நிமிடத்துக்கு 1,800 முதல் 2,000 மீட்டர் ஓடுகிறது. அதாவது மணிக்கு 108 முதல் 120 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் நம் காருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகத்தை, பத்து மீட்டர் அகல ஈரத்தாள் ஒன்று கிழியாமல் தொடுகிறது.

◆

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தோன்றியது. பிரெய்ல் புத்தகத்துக்குச் சாதாரணத் தாள் உதவாது. புள்ளி எழும்பி, நூறு விரல்கள் தடவியும் அமுங்காமல் நிற்க வேண்டும். அதனால் நகல் எடுக்கும் தாளைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமான தாள் வேண்டும். வேகத்தைக் குறைத்து, வலைமேல் கூழைக் கூடுதலாக விட்டு, அதே இயந்திரத்தில் கனத் தாளும் எடுக்கலாம்.

◆

காஜாங்கில் மூடா காகித ஆலை பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. பந்திங் பக்கம் கெந்திங் சன்யேன் தொடங்கிய ஆலை பிறகு ஜப்பானின் ஓஜி குழுமத்தின் கைக்குப் போனது. சீனா 2018-இலிருந்து கழிவுக் காகித இறக்குமதியை இறுக்கி, 2021-இல் அறவே நிறுத்தியதும், சீன ஆலைக்காரர்கள் கோலா லங்காட்டுக்கே வந்து புதிய இயந்திரங்களை நிறுவினார்கள். கழிவுத்தாளை இங்கே கூழாக்கிக் கொண்டுபோனால் அந்தத் தடை பொருந்தவில்லை.

அந்த இயந்திரங்களுக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? ஞாயிற்றுக்கிழமைகளில் தாமானுக்குள் மெல்ல ஊர்ந்து வரும் லோரி, ஒலிபெருக்கியில் ‘சூராட் காபார் லாமா’ என்று இழுத்து இழுத்துக் கூப்பிடுமே, அங்கிருந்துதான். அம்மா மாதக்கணக்கில் கட்டி வைத்த நாளிதழ்க் கட்டை எடைபோட்டு ஏற்றிக்கொள்வார்கள். ஆலையில் தண்ணீரில் கரைத்து, மையையும் ஊசியையும் நீக்கி, மறுபடி வலைமேல் விடுவார்கள். ஒரு நார் இப்படி ஐந்து முதல் ஏழு முறை வரை தாங்கும். ஒவ்வொரு முறையும் சற்றுக் குட்டையாகும். கடைசியில் வலையில் நிற்காமல் தண்ணீரோடு நழுவிப் போய்விடும்.

அடுத்த முறை லோரிச் சத்தம் கேட்டால் பெட்டி அட்டையையும் மடித்துப் போடுங்கள். அதில் நீளமான நார் இருக்கும்.